தாயின் அழுகைமேல் பழி போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில், கர்ப்பிணித் தாய் அடிக்கடி அழுதால் பிள்ளையின் தலையில் நீர் சேரும் என்று ஒரு வரி வந்திருந்தது. எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகையை முதலில் விரிப்பவர் மாமி. அந்த வரியை எனக்கு வாசித்தும் காட்டினார்.

என் மகளுக்கு அந்த நோய்தான். தலை இழுக்கும்போது அவளுடைய காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் விரலில் தட்டுப்படும். மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் இறக்குவது அதுதான். சீப்பை அந்தப் பக்கம் மெதுவாகத்தான் கொண்டுபோவேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. கரு உண்டாகி நாலாவது வாரம் முடியும்போதே, பின்னர் மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அதன் சுவர் தடித்து மூளையாகிறது, உள்ளே இருக்கும் வெளி நாலு அறைகளாகிறது. மூன்றாம் அறையிலிருந்து நாலாம் அறைக்கு நீர் இறங்க நடுமூளையில் ஒரு ஒடுக்கமான வழிதான் உண்டு. என் மகளுக்கு அது அடைபட்டிருந்தது. பெரியவர்களின் மூளையிலே ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவு நீர் ஊறுகிறதாம். போக வழியில்லாவிட்டால் அறைகள் வீங்காமல் என்ன செய்யும்? இதில் என் கண்ணீர் எங்கே வந்தது?

கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டவர்கள் போதாதா? அதையும் முன்பு உங்கள் பத்திரிகையில்தான் எழுதினார்கள். நான் போன கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் மட்டும். தமிழில் வாசிக்க எங்களுக்கு இருப்பது உங்களைப் போன்றவர்கள்தானே.

எழுத விஷயமா இல்லை? நரம்புக்குழாய் சரியாக மூடாமல் வரும் முதுகுப் பிளவு வேறு. அதில் பெரும்பகுதியைப் போலிக் அமிலம் என்ற விற்றமின் தடுக்கும் என்று 1991இலேயே ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள். நாளுக்கு 400 மைக்ரோகிராம், அதுவும் கர்ப்பம் தரிக்க முன்பிருந்தே. நாள் தள்ளிப்போய் கிளினிக்குக்குப் போகும்போது பெரும்பாலும் அந்தக் குழாய் மூடும் காலம் முடிந்திருக்கும். கலியாணம் முடித்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மாமிக்குக் கண் மங்கல், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.