ப்ளூமிங் டீ காம்போ: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஃபோன் பண்ணிப் பார்த்தாச்சு, வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தாச்சு, உங்கள் ஆப்பில் பதில் சொல்லும் அந்த ரோபோவோடும் மல்லுக்கட்டிப் பார்த்தாச்சு. இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம். ஆர்டர் விவரம் உங்களிடமே இருக்கிறது. புகார் எண்ணும் நீங்கள் கொடுத்ததுதான், கூப்பிடும்போதெல்லாம் புதிதாக ஒன்று கொடுப்பீர்கள், மறுநாள் காலையில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்து அது மூடிக்கொள்ளும். யார் தீர்த்தார்கள், என்னத்தைத் தீர்த்தார்கள் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

நான் வாங்கியது ப்ளூமிங் டீ, அதாவது வெந்நீரில் போட்டால் பூவாக விரிகிற டீ உருண்டை. கண்ணாடிக் கெட்டிலோடு வரும் அந்த 12 உருண்டை காம்போ, 1,499 ரூபாய். கெட்டிலில் குறை ஒன்றும் இல்லை, இல்லாததை நான் சொல்ல மாட்டேன். உருண்டைகள்தான் விரியவில்லை.

உங்கள் டப்பாவில் போட்டிருக்கிறபடியே 90 டிகிரி, ஐந்து நிமிடம், எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். முதலில் உருண்டை மிதப்பது சரி, உள்ளே காற்று இருக்கும், தண்ணீர் ஏறியதும் அடியில் போய் உட்கார்ந்து மெதுவாக இதழ் இதழாக விரிய வேண்டும். இது அரை மணி நேரம் கழித்தும் அப்படியே மிதந்துகொண்டு கிடந்தது. கரண்டியால் லேசாக அமுக்கினேன், நூல் அறுந்து இலையெல்லாம் கெட்டில் முழுக்கச் சிதறிவிட்டது. நடுவில் இருந்தது ஒரு வாடாமல்லி, இறுகி, கறுத்து, காம்புப் பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து. தோவாளைப் பூச்சந்தை இருக்கிற மாவட்டத்துக்காரி நான், வாடாமல்லியைப் பார்த்து வளர்ந்தவள். காய்ந்தாலும் நிறம் போகாத பூ அது, அதனால்தானே இந்த டீக்குள் அதை வைத்துக் கட்டுகிறார்கள்! அதுவே கறுத்துப் போயிருக்கிறது என்றால் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவும் நடந்தது என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால். வெளியூரிலிருந்து வந்தவர்கள், வித்தியாசமாக ஏதாவது கொடுப்போமே என்று எல்லாரையும் கெட்டிலைச் சுற்றி உட்கார வைத்து "இப்போ பூக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். என் மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் அடுக்களையில் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துச் சமாளித்தோம். அந்தச் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை, அதற்கு உங்கள் உருண்டை காரணம் இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

சரி, அதை விடுங்கள். உங்கள் கஸ்டமர் கேருக்கு வருகிறேன். தமிழுக்கு 4 அழுத்தச் சொல்கிறீர்கள், அழுத்தினால் இந்தி பேசுகிறார்கள். தமிழ் பேசும் ஒரு பையன் கிடைத்தான், கிடைக்காமலே இருந்திருக்கலாம். முதல் கேள்வியே "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா ஆன்ட்டி?" டீத்தூள் வாங்குகிறவள் வீடியோ எடுத்துக்கொண்டா டப்பாவைப் பிரிப்பாள்? அப்புறம் சொன்னான், "பால் ஊத்திக் கொதிக்க வச்சுப் பாருங்க, விரியும்." உங்கள் பொருளைப் பற்றி உங்கள் ஆளே சொல்வது! தளிர் இலையைப் பதமாக இருக்கும்போதே பூவைச் சுற்றிப் பருத்தி நூலால் கட்டி, துணியில் இறுக்கி உருட்டிக் காய வைக்கிற கைவேலை இது, சீனாவில் யுன்னான், ஃபூஜியன் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள். அதைப் பாலில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டுமாம். நான் மாட்டேன் என்றதும் "உங்க ஊர்ல இதெல்லாம் யாரும் குடிக்க மாட்டாங்க ஆன்ட்டி, யூடியூப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எங்கள் ஊரில் சாயாக்கடை இல்லாத முக்கு கிடையாது தம்பி. டீ எப்படிப் போடுவது என்று எங்களுக்கு யூடியூப் வேண்டாம். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், "தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், அதை எடுத்துக் கேளுங்கள். 1,499 ரூபாய் போனால் போகிறது, அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் நாகர்கோவிலுக்கு அலைய விட்டது வேறு. எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்க ஆள் இல்லையாம், கூரியர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். கருங்கலிலிருந்து கொட்டுகிற மழையில் பஸ் ஏறி, அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால் "ரிட்டர்ன் கோடு வந்திருக்கா அம்மா? அது இல்லாம வாங்க முடியாது" என்கிறார் அங்கே இருந்தவர். பாவம், அவர் மேல் தப்பில்லை, உட்கார நாற்காலி கொடுத்தார். அங்கிருந்தே உங்களுக்கு ஃபோன் அடித்தேன். காலை பதினொன்றரை மணி. எடுத்தது அதே பையன். "ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுங்க ஆன்ட்டி." டப்பாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் முக்கியமான ஒன்று. டப்பாவின் அடியில் தயாரித்த தேதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது இல்லையா, அதன் ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 2 வருடம் முந்தைய தேதி. இரண்டும் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு "அது கூரியர்காரர்கள் ஒட்டியது" என்று பதில் வந்தது. கூரியர்காரர்கள் எதற்கு ஐயா தயாரித்த தேதி ஒட்டுகிறார்கள்?

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. மாற்று டப்பா வேண்டாம், அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம், அடுத்த ஆர்டர் என்ற பேச்சே கிடையாது. முழுப் பணமும், நாகர்கோவில் போய்வந்த பஸ், ஆட்டோ செலவும் நான் பணம் கட்டிய அதே யுபிஐக்கு வர வேண்டும். அந்தப் பையன் ஒரு மன்னிப்புச் சொன்னால் நல்லது, தயவுசெய்து ஆன்ட்டி என்று ஆரம்பிக்காமல்.

ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதியில் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுவேன். தேதி ஸ்டிக்கர் ஃபோட்டோ உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு, 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, மன உளைச்சலுக்கு 50,000 சேர்த்தே கேட்பேன்.

மீதி உருண்டைகளும் அந்த இரண்டு ஸ்டிக்கரோடு டப்பாவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எடுக்க ஆள் அனுப்புவதானால் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள், ரசீது கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இனி எந்த ஆபீஸுக்கும் நான் அதைத் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் (முன்னாள்) வாடிக்கையாளர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.