மரத்தால் கட்டிய மலை: அப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல்.

போன வாரம் அனுப்பிய படங்களைப் பார்த்ததும், குழந்தைகள் இளைத்துவிட்டார்களா என்று அம்மா கேட்டாள். நீங்கள் கேட்டதோ, அவர்களுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மரச்சட்டங்கள் என்ன என்று. உளியும் இழைப்புளியுமாகவே வாழ்ந்தவர் கண்ணில் அதுதானே முதலில் படும்! அலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது ஒரு ரோலர் கோஸ்டர், அப்பா. மேடும் பள்ளமுமான தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி பாய்ந்தோடும் விளையாட்டு. மரத்தால் கட்டியது. இங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் எலிஸ்பர்க் என்ற சிற்றூருக்கு அருகே, குன்றுகளுக்கு நடுவில் கனோபல்ஸ் என்றொரு பழைய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. 1926-ல் ஒரு நீச்சல் குளத்தோடு தொடங்கிய இடம். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. மரங்களை வெட்டிச் சமப்படுத்தி அமைத்த பூங்கா அல்ல. காட்டு மரங்களின் நிழலிலேயே ராட்டினங்கள் சுற்றுகின்றன. ஓடை ஒன்று ஓடுகிறது. அதன் மேல் கூரை வேய்ந்த மரப்பாலம். 1972-ல் ஆக்னஸ் புயல் வந்தபோது வெள்ளம் பூங்காவுக்குள் புகுந்துவிட்டதாம். அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி திறந்திருக்கிறார்கள்.

நீங்கள் படத்தில் பார்த்ததன் பெயர் ஃபீனிக்ஸ். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்தான். 1940-களின் இறுதியில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், பிளேலேண்ட் என்ற பூங்காவுக்காக இதைக் கட்டினார்கள். அங்கே இதற்கு ராக்கெட் என்று பெயர். 1980-ல் அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். கேட்பாரற்று நின்றதை கனோபல்ஸ்காரர்கள் வாங்கி, சட்டம் சட்டமாகக் கழற்றி, துண்டுகளுக்கெல்லாம் எண் போட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுவந்து, 1985-ல் இங்கே பூட்டி ஓடவிட்டார்கள். பழைய வீட்டைப் பிரிக்கும்போது நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றிலும் சாக்கட்டியால் அடையாளம் போட்டு அடுக்கி வைப்பீர்களே, அதே வேலைதான். அளவுதான் மலையளவு.

நான் வேலியருகே போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்டவாளமே மரம்தான். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைத்து, சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் பட்டை இரும்பு பதித்திருக்கிறார்கள். வண்டிக்கு எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சி வரைக்கும் ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு முழுக்க முழுக்க இறக்கத்தின் வேகம்தான். ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று விடாமல் ஒரு சத்தம் கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாதபடி, ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே வரும் சத்தம் அது. வண்டி வேகமாகக் கடக்கும்போது சட்டங்கள் லேசாக அசைகின்றன. முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மரம் அசைந்து கொடுப்பதால்தான் தாங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதில் ஏறத் தேவையான உயரம் பெரியவளுக்கு வந்துவிட்டதால் அவளோடு நானும் ஏறினேன். புறப்பட்டதும் வண்டி நேராக மேட்டில் ஏறுவதில்லை; நீளமான ஒரு இருட்டுச் சுரங்கத்துக்குள் போகிறது. அதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொன்றிலும் உடம்பு இருக்கையை விட்டு எழும்பி எழும்பி இறங்குகிறது. கீழே வந்ததும் ‘இன்னொரு தடவை’ என்றாள்.

சின்னவனுக்குப் பிடித்தது குதிரை ராட்டினம். 1913-ல் செய்தது. 63 குதிரைகள், எல்லாம் கையால் செதுக்கியவை. அவன் ஏறிய குதிரையின் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தான். இதில் வெளிவரிசையில் உட்காருபவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ராட்டினத்தின் ஓரமாக ஒரு மரக்கை நீண்டிருக்கும். அதன் நுனியில் இரும்பு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். குதிரை அதைக் கடக்கிற நொடியில் எட்டி ஒன்றைப் பறிக்க வேண்டும். இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒன்று பித்தளை. அது யார் கையில் வருகிறதோ அவருக்கு அடுத்த சுற்று இலவசம். பல ராட்டினங்களில் இந்த வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது, இங்கே விடவில்லை.

பெரியவள் முதலில் உள்ளங்கையை விரித்து வளையத்தைப் பிடிக்கப் பார்த்தாள். தட்டிவிட்டுப் போனதுதான் மிச்சம். அவளுக்கு முன் குதிரையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. கையை நீட்டி, ஒற்றை விரலை மட்டும் கொக்கிபோல் மடக்கி வைத்திருந்தார். வளையம் தானாக விரலில் வந்து விழுந்தது. அதை இவள் கவனித்துவிட்டாள். அடுத்த சுற்றிலேயே விரலை மடக்கினாள், வளையம் வந்தது. பித்தளை கிடைக்கவில்லை. ஆனால் கைநிறைய இரும்பு வளையங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் பெரிய பெரிய பூங்காக்கள் எத்தனையோ இருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு என்னைக் கேட்டால் இப்படிப்பட்ட இடம்தான் நல்லது. இங்கே எது எதை இழுக்கிறது, எது எதைச் சுற்றுகிறது என்று குழந்தையின் கண்ணுக்கே தெரிகிறது. தெரிவதால் கேள்வி கேட்கிறது. இங்கே வாசலில் நுழைவுக்கட்டணமும் கிடையாது. காரை நிறுத்தவும் காசு இல்லை. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தால் போதும். எதிலும் ஏறாத தாத்தா பாட்டிகள் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து மரத்தடி மேசையில் வைத்துச் சாப்பிடலாம். அம்மா முழங்கால் வலியை நினைத்துப் பயப்பட வேண்டாம். பத்து அடிக்கு ஓர் இருக்கை என்கிற மாதிரி எங்கு பார்த்தாலும் உட்கார இடம் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலுக்கென்று பூங்காவுக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பழைய கருவிகளைப் பார்த்தால் நீங்கள் அங்கிருந்து நகர மாட்டீர்கள்.

கோடையில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ராட்டினங்கள் ஓடாது. விசா வேலையை இப்போதே தொடங்கினால்தான் சரியாக இருக்கும். என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று தனியாக எழுதி அனுப்புகிறேன்.

சின்னவன் இரண்டு நாளாக ஒரு கேள்வியோடு என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அத்தனை மரம் மழையில் நனைகிறதே, ஏன் உளுத்துப்போகவில்லை என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை. தாத்தாதான் சொல்ல வேண்டுமாம். அவனுக்குப் புரிகிற மாதிரி, முடிந்தால் படம் வரைந்து, பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்