பெரிய பாப்பாவுக்கு

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை நீ. சாப்பிட்டியா என்றால் "ம்". தூங்கினியா என்றால் "படிக்கணும்ப்பா". அம்மா உன் பரீட்சைக்காகத் தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். எனக்கு எழுதத்தான் தெரியும். மாந்தோப்பு, போர்வெல் சங்கதியெல்லாம் அடுத்த கடிதத்தில்.

முதலில் தூக்கம். படித்தது மனதில் உறைவது தூங்கும்போதுதான். ராத்திரி 2 மணி வரை முழித்தால் பகலில் படித்ததும் கரைந்துபோகும். 11 மணிக்குப் படு, 5.30-க்கு எழு. மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி தொடாதே. ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் வீரியத்தில் பாதி உடம்பில் நிற்கும். அப்புறம் படுத்தாலும் புரளத்தான் செய்வாய்.

நீ நோட்டு முழுக்க நாலு கலரில் கோடு போட்டுத் தேர் ஜோடிக்கிற மாதிரி ஜோடிப்பாய். பார்க்க லட்சணம்தான், ஹாலில் உதவாது. 40 நிமிஷம் படி. நோட்டை மூடு. வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுது. எங்கே கை நிற்கிறதோ அதை மட்டும் திறந்து பார். மறுநாள் காலையில் அதையே இன்னொரு தடவை எழுது.

மூன்று மணி நேரம் என்பது 180 நிமிஷம். பத்து 2 மார்க்குக்கு 25 நிமிஷம். ஐந்து 13 மார்க்குக்குத் தலா 24. கடைசி 15 மார்க்குக்கு 20. மீதி 15 நிமிஷம் கேள்வி எண்ணைச் சரிபார்க்க. 'அ' எழுதிவிட்டு 'ஆ' என்று எண் போடுவது எல்லா வருஷமும் நடக்கிற கூத்து. கணக்கு பாதியில் நின்றால் அடித்துவிடாதே. சூத்திரம், கொடுத்த மதிப்பு, படம் மூன்றும் இருந்தால் ஸ்டெப் மார்க் போட இடம் உண்டு. வெற்றுத்தாளுக்கு, திருத்துபவர் மனசு வைத்தாலும் போட முடியாது.

கேள்வித்தாளைப் பார்த்ததும் கை சில்லிட்டால் பேனாவைக் கீழே வை. நாலு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை விடு. பத்துத் தடவை, இரண்டு நிமிஷம்கூட ஆகாது. விடுகிற மூச்சு நீண்டால் படபடப்பு இறங்கும். ஹாலில் போய் முதல் தடவை செய்தால் கைகூடாது, இன்றைக்கே படுக்கும்முன் பழகு. படுக்கும்முன் என்றால் 11 மணிக்கு.

ஒருவேளை ஒரு பேப்பர் நின்றுவிட்டால் (பொதுவாகச் சொல்கிறேன்) விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். அதிலும் வராவிட்டால் திரும்ப எழுதலாம். அரியர் வைத்து முடித்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மேத்ஸ் ரிசல்ட் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

காரிமங்கலம் அத்தை வீட்டு விசேஷத்தில் உன் முதல் செமஸ்டர் மார்க்கைப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். உன் முகம் சுண்டியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பெருமை கண்ணை மறைத்தது. அதற்கப்புறம் குறைந்த மார்க்கை என்னிடம் எப்படிச் சொல்வாய்? அந்த வழியை அடைத்தவன் நான்தான், கண்ணு. அதற்காக மூன்று மாதமாகவா அப்பாவிடம் "ம்" கொட்டுவது?

சோறு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் 14416-க்குப் போடு, அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது. காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். என்னிடம் சொல்ல முடியாததை அங்கே சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

கடலை உருண்டை அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் ரெண்டு தின்னு, ரூம் பெண்களுக்கும் கொடு. 11 மணிக்குப் படு.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கே கிளம்பு. நடுவில் வரத் தோன்றினாலும் வா, ஏன் என்று கேட்க மாட்டேன். கோயம்புத்தூரில் பஸ் ஏறியதும் ஒரு மெசேஜ், தொப்பூர் கணவாய் தாண்டியதும் ஒரு போன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன்.

அப்பா