எந்தச் சீன மொழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சீன சினிமா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஹீரோ' (2002) படத்தில் வண்ணம் இருக்கிற அளவுக்குக் கதை இல்லை என்று உங்கள் விமர்சகர் எழுதியிருப்பது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் தைவான் இயக்குநர் ஹோ ஷியாவ்-ஷியென் எடுத்த 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' படத்தை, நாயகன் வாயே திறப்பதில்லை, படமும் நகர்வதில்லை என்று இரண்டே வரியில் ஒதுக்கிவிட்டாரே!

1989இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கிய படம் என்பதற்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. விருது வாங்கிய அறுவைப் படங்களையும் நிறையப் பார்த்தாயிற்று. நாயகனாக நடித்த டோனி லியுங் ஹாங்காங்காரர். கதையில் வரும் குடும்பம் பேசுவது தைவான் ஹொக்கியன், அதாவது தைவானில் பெரும்பாலோர் பேசும் சீன மொழி. அவருக்கு அது வராது. அதனால் பாத்திரத்தைக் காது கேளாத, வாய் பேசாத போட்டோகிராஃபராக ஆக்கிவிட்டார் இயக்குநர். இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். சீனப் பெருநிலத்திலிருந்து வந்து தைவானை ஆண்ட அரசுக்கு எதிராக 1947 பிப்ரவரி 28ஐ ஒட்டி வெடித்த கலவரம். பெருநிலச் சீனர்களைத் தேடி அலையும் கும்பல் ஒன்று ரயில் பயணத்தில் அவனை மடக்கி, எந்த ஊர் என்று கேட்கிறது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, தான் தைவான்காரன் என்று எப்படியோ சொல்லிவிடுகிறான். உடனே ஜப்பானிய மொழியில் அடுத்த கேள்வி. ஐம்பது ஆண்டு ஜப்பான் ஆண்ட தீவு அது. உள்ளூர்க்காரன் என்றால் அந்த மொழி தெரிந்திருக்கும் என்பது கணக்கு. காது கேளாதவன் என்ன செய்வான்? நண்பன் ஓடிவந்திருக்காவிட்டால் உயிர் போயிருக்கும்.

ஆங்கில சப்டைட்டிலில் இரண்டு கேள்வியும் ஒரே மொழிதான். விமர்சகர் அங்கேதான் கோட்டைவிட்டார் என்று நினைக்கிறேன். 1987 வரை ராணுவச் சட்டம் இருந்த தைவானில் இந்தக் கலவரத்தைப் பற்றி அதுவரை வெளிப்படையாகப் பேசவே முடியாமல் இருந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை.

அப்புறம், 'சீன மொழியின் இசை' என்று ஓரிடத்தில் உருகியிருக்கிறார். எந்தச் சீன மொழி? அவர் கொண்டாடும் 'இன் த மூட் ஃபார் லவ்' படத்திலேயே நாயகனும் நாயகியும் ஹாங்காங்கில் புழங்கும் கான்டனீஸ் பேசுகிறார்கள், வீட்டுக்கார அம்மா ஷாங்காய் பேச்சு. 'க்ரவுச்சிங் டைகர்' படம் வந்தபோது, அதில் நடித்த சௌ யுன்-ஃபட், மிஷெல் யோ இருவரும் சீனாவின் பொதுமொழியான மாண்டரினை உச்சரித்ததைக் கேட்டுச் சீனாவில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நமக்கு அதுவும் இசையாகத்தான் கேட்டது!

அடுத்த இதழில் இன்னொரு தைவான் இயக்குநரான எட்வர்ட் யாங் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவருடைய 'யி யி' 173 நிமிடம் ஓடும். விமர்சகரை மதியம் சாப்பிட்டவுடன் பார்க்க உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்