நம்ம ரீடரும் உன் பதினாலு ஐட்டமும்

மச்சி,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடல, திட்டாத. இங்க ஒரே மழை, அதுக்கு நடுவுல அப்பாவுக்கு கண் புரை ஆபரேஷன். இப்ப நல்லாருக்காரு. ஒரு வாரம் ஃபோன் பாக்காதீங்கன்னு டாக்டர் சொன்னா இவரு மூணாம் நாளே நாம ரெண்டு பேரும் எழுதுன செய்தி படிக்கிற ஆப்பை, அதான் நம்ம ரீடரை, தொறந்துட்டு உக்காந்துட்டாரு. பாப்பா பத்தாவது வந்துட்டாளா, நம்பவே முடியலடா.

சரி, ரீடர்ல புதுசா சேக்கணும்னு நீ அனுப்புன லிஸ்ட் பாத்தேன். பதினாலு ஐட்டம், அத்தனையும் 3.0 வெர்ஷன்ல, அதுவும் பொங்கலுக்குள்ள. டேய், நாம ரெண்டே பேரு, வேலை பாக்குறதும் ராத்திரி பத்து மணிக்கு மேல.

போன வாரம் நடந்ததை சொல்றேன் கேளு. காலைல அப்பா கூப்பிட்டு, "ஏண்டா, போன மாசம் செத்தவரு இன்னைக்கும் செத்துருக்காரே"ன்னாரு. பாத்தா ஒரு செய்தி சைட்டோட பழைய செய்தி மொத்தமும் புதுசா வந்து நிக்குது. ஒவ்வொரு செய்திக்கும் ஜியுஐடின்னு ஒரு அடையாளம் உண்டு, அவங்க அதுல லிங்க்கையே போட்டுருக்காங்க, சைட்டை எச்டிடிபிலேர்ந்து எச்டிடிபிஎஸ்க்கு மாத்தினதும் அடையாளமும் மாறிடுச்சு, நம்ம கோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு பாத்து எல்லாமே புதுசுன்னு முடிவு பண்ணிடுச்சு. ஒப்பிடும்போது முன்னாடி இருக்குற அந்த எச்டிடிபி, எச்டிடிபிஎஸ்ஸை கழட்டிட்டா போதும். ஆனா ஏற்கனவே டேட்டாபேஸ்ல கெடக்குற பழசுக்கும் சேத்து செய்யணும், இல்லன்னா அப்டேட் போட்ட அன்னைக்கு இன்னொரு தடவை எல்லாரும் சாவாங்க.

அதனால முதல்ல 2.4, இந்த மாசமே. இதோட தமிழ் தேடலையும் சரி பண்ணிடலாம். "கோவை"ன்னு தேடுனா பாதி செய்தி வரமாட்டேங்குதுன்னு நீதான் சொன்ன. சில சைட்டுல ஓகாரக் குறியை ஒரே கோட்பாயின்ட்டா, அதாவது ஒரே யூனிகோட் எண்ணா அனுப்புறாங்க, சிலர் இரட்டைக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா அனுப்புறாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சிங்குற ஒரே வடிவத்துக்கு மாத்திட்டா தீந்துச்சு.

அடுத்து 304. இப்ப நாம அரை மணிக்கு ஒருதடவை ஒவ்வொரு சைட்டோட முழு ஃபீடையும், அதாவது அவங்க செய்தி லிஸ்ட் ஃபைலை, இழுக்குறோம். 200 கேபி ஃபீடுன்னா ஒரு நாளைக்கு 48 தடவை, கிட்டத்தட்ட 10 எம்பி, ஒரே ஆளுக்கு, ஒரே சைட்டுக்கு. சர்வர் ஃபீடோட சேத்து குடுக்குற ஈடேக்குங்குற அடையாளத்தை பத்திரமா வச்சுருந்து அடுத்த தடவை திருப்பி அனுப்புனா, "எதுவும் மாறல"ன்னு அர்த்தம் வர்ற 304-ங்குற பதில் எண்ணை மட்டும் சொல்லிட்டு போயிடும். இத்தனை வருஷமா இதைப் பண்ணாம இருந்தது நமக்குத்தான் அசிங்கம். இது 2.5.

சிங்க், அதாவது ஒரு ஃபோன்ல படிச்சது இன்னொரு மெஷின்லயும் படிச்சதா காட்டுறது, அதுதான் நீ ஆசைப்படுறது, தெரியும். ஆனா அதுக்கு டேட்டாபேஸ் அமைப்பையே மாத்தணும், மாத்துனா பழைய வெர்ஷனுக்கு திரும்ப முடியாது. அதனால அந்த மாத்தத்தை மட்டும் தனியா 2.6-ல விடுவோம். வெளிய ஒண்ணும் தெரியாது, யாரும் கைதட்டமாட்டாங்க, ஆனா ஏதாவது ஒடஞ்சா எதனாலன்னு நமக்கு தெரியும். சிங்கும் அதுவும் ஒண்ணா போயி ஒடஞ்சா எங்கன்னு தேடுவ?

நம்மளது மாதிரியே ஒரு ரீடர், நெட்நியூஸ்வயர், ஞாபகம் இருக்கா? அதை எழுதுன பிரென்ட் சிம்மன்ஸ் 2005-ல அதை வித்து, கைமாறி கைமாறி 2018-ல பேரு அவர்கிட்டயே திரும்பி வந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல மேக்குக்கு 5.0 விட்டப்ப சிங்க்குன்னு ஃபீட்பின்ங்குற சர்வீஸ் ஒண்ணுதான். ஐஃபோனுக்கு 2020 மார்ச்லதான் வந்துச்சு, ஐகிளவுட் சிங்க் 2021-ல 6.0-ல. அவரே அவ்வளவு பொறுமையா போறாரு, நமக்கென்ன அவசரம்.

2013 ஜூலைல கூகுள் ரீடரை மூடினப்ப நீ உன் ஃபீட் லிஸ்ட் இருக்குற ஓபிஎம்எல் ஃபைலை பென்டிரைவ்ல போட்டுட்டு என் ரூமுக்கு வந்தியே, நாமளே ஒண்ணு எழுதிடலாம்டான்னு. அப்ப நீ சொன்ன டைம் ரெண்டு வாரம்!

டார்க் மோடை மட்டும் 2.4-ல சேத்துக்குறேன், அது அப்பா கண்ணுக்காக, உனக்காக இல்ல. மீதியை சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு, பேசுவோம். அந்த சைட்டோட பழைய ஃபீட் ஃபைல் உன்கிட்ட இருந்தா அனுப்பி வை, டெஸ்ட் பண்ண வேணும்.