பொரித்தது எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியப் பொரித்த உணவுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். எண்ணெயில் பொரித்தது எதுவானாலும் நல்ல துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் பொருந்தும் என்று எழுதியிருந்த இடத்தில் மனம் கேட்கவில்லை. யமனாஷி மாகாணத்தின் கோஃபு நகரில், இறாலையும் காய்கறியையும் மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஒரு தெம்புரா கடையின் சமையலறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்த வரியை நம்பி இறாலோடு அப்படி ஒரு ஒயினைக் குடித்தால் இரண்டுமே பாழ்.

கடலுணவோடு சிவப்பு ஒயின் சேரும்போது வாயில் எழும் கவிச்சி வெறும் பிரமை அல்ல. ஒயினில் உள்ள இரும்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பு கூடக் கூடக் கவிச்சியும் கூடியது.

தெம்புரா மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கட்டி கட்டியாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்திவிடுவோம். இறாலை எண்ணெயில் விட்டதும் பெரிய குமிழிகள் சலசலக்கும். ஈரம் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, ஓசை மெலியும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் எடுக்கிறோம். இத்தனை கவனமாகக் காத்த இறாலின் இனிப்பைத் துவர்ப்பு ஒரே மடக்கில் அடித்துவிடுகிறது.

இதற்கு ஏற்ற ஒயின் பக்கத்து ஊரான கட்சுநுமாவிலேயே விளைகிறது. கோஷு திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு, ஒயினோ வெள்ளை. சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பின் திராட்சை வகைப் பட்டியலில் 2010-இல் அது இடம்பெற்றபோது இந்த ஊருக்கே பெருமை. எலுமிச்சை வாசமும் கடைசியில் மெல்லிய கசப்பும் கொண்ட அந்த ஒயின் நாவில் படிந்த எண்ணெயைக் கழுவிவிட்டு விலகிக்கொள்ளும். உப்பு மட்டும் தொட்டு உண்பவர்களுக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை.

தொன்காட்சு வேறு கதை. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அந்தப் பன்றிக்கறியின் மீது ஊற்றும் கெட்டிச் சாஸில் பழமும் வினிகரும் மசாலாவும் உண்டு. அதன் இனிப்புக்கு முன்னால் கோஷு வெறும் புளிப்பாகிவிடும். அங்கே சிவப்பு ஒயின் எடுபடும், ஆனால் துவர்ப்புக் குறைந்ததாக இருக்க வேண்டும். 1927-இல் நீகாட்டாவில் திராட்சை வளர்ப்பாளர் கவகாமி ஜென்பே கலப்பினமாக உருவாக்கிய மஸ்கட் பெய்லி ஏ திராட்சையின் ஒயினைச் சற்றுக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். ஸ்ட்ராபெரி வாசம் சாஸோடு இழையும். சோயா சாஸில் ஊறவைத்துப் பொரித்த காராகே கோழிக்கு நுரைக்கும் ஒயின் போதும்.

எண்ணெயைப் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உள்ளே இருப்பதையும் தொட்டுக்கொள்வதையும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். அடுத்த ஞாயிறு அந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோஃபு, ஜப்பான்