டொன் கந்தையா

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு பெற்றபின் ஸ்பெயினில் குடியேறுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வெயில், வீட்டு விலை எல்லாம் இருந்தது. பெயர்ச் சிக்கல் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்களை அலைக்கழித்தது அதுதான்.

லண்டனில் 31 வருடம் தபால் வேலை. 2019 கடைசியில் நானும் மனைவியும் அலிகாந்தே மாகாணத்துத் தொர்ரெவியேகாவுக்கு வந்தோம். 2020 டிசம்பர் 31க்குள் இங்கே குடியிருந்தவர்களுக்குப் பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதற்குப் பிறகும் பழைய உரிமைகள் தொடர்ந்ததால் தப்பினோம்.

எங்கள் ஊர் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். அதனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அப்பாவின் 'கந்தையா' எனக்கு முதற்பெயராகவும், என் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் விழுந்துவிட்டன. லண்டனில் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் குறை தெரியவில்லை. இங்கே மரியாதை என்றால் முதற்பெயருக்கு முன்னால் 'டொன்' போடுவார்கள். பருத்தித்துறையில் சுருட்டுக் கடை வைத்திருந்து, கடல் தாண்டாமலே கண்மூடிய அப்பாவை மருந்துக்கடைக்காரப் பெண் 'டொன் கந்தையா' என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் நின்றேன்.

ஸ்பானியருக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர்கள். படிவத்திலும் இரண்டு கட்டம். இரண்டாவதை நான் வெறுமையாக விட்டேன். நகரசபையில் முகவரி பதிந்தவருக்கு அது பொறுக்கவில்லை போலும். கந்தையாவை முதல் கட்டத்திலும் என் பெயரை இரண்டாவதிலும் எழுதி முடித்துவிட்டார். நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன், பிழை பாதி என்னுடையது.

அது 2022இல் வெடித்தது. எனக்கு 66 வயதாகி அரச பென்சன் தொடங்கியதும், வைத்தியச் செலவைப் பிரித்தானியா ஏற்பதற்கான எஸ்-1 படிவம் வந்தது. அதையும் நகரசபைப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அலுவலர், இவர்கள் இரண்டு பேர் என்றார். திருத்த வேண்டும் என்றால் முன்பதிவு வேண்டும். அதற்கு இங்கே 'சீத்தா பிரேவியா' என்று பெயர். அந்தச் சீதையைத் தேடி அனுமார் பட்ட பாட்டை நான் இணையத்தில் பட்டேன். போதாததற்கு அந்த வருடம் மே மாதத்திலிருந்து எங்கள் பிரிட்டிஷ் கார் லைசென்ஸ் இங்கே செல்லாமல் போயிருந்தது. 2023 மார்ச்சில் அதற்கு இரு நாட்டு ஒப்பந்தம் வரும்வரை எல்லா அலைச்சலும் பஸ்ஸில்தான்.

மனைவியின் கதை வேறு. அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் பெயர். இங்கே கலியாணம் கட்டினாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயரைக் கண்ட அலுவலர் "எர்மானோஸ்?" என்று கேட்டார். அண்ணன் தங்கையா என்று அர்த்தம். மனைவி சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1987இல் யாழ்ப்பாணத்தில் பதிந்த கலியாணச் சான்றிதழை, அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுத்து ஸ்பானிய மொழிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது வர நினைப்பவர்களுக்கு விசாவே முதல் தடை. வேலை செய்யாமல் குடியிருக்கும் விசாவுக்கு, 2025 கணக்கில் ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும், துணைக்கு இன்னும் 600. அந்த வருடம் வாரம் 230 பவுணாக இருந்த பிரித்தானிய அரச பென்சனை மட்டும் நம்பினால் நடக்காது. அதையும் தாண்டி வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் படத்துக்குக் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு அம்புக்குறி, அப்புறம்தான் முதற்பெயர். எந்தக் கந்தோரிலும் அதை விரலால் தொட்டுக் காட்டி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கந்தையா மகன்,
தொர்ரெவியேகா, ஸ்பெயின்